வலப்பக்கத்து முருகன்

எங்கள் வீட்டு ஹாலில் சாமிமேடை இடப்பக்கச் சுவரில் இருந்தது. அந்த ஒரு காரணத்தால்தான் என் பெரியப்பாவுக்குப் படுக்கைப்புண் வந்தது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சாமிமேடை வலப்பக்கம் இருந்திருந்தால் புண்ணும் வலப்பக்கம் வந்திருக்குமே என்று யோசிக்கத் தெரியாத வயது. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். அலோர்காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள் அவர்கள். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் பெரியப்பா பதினாறு வயதில் லோரியில் ஏறினார். தங்கையையும் தம்பியையும் வளர்த்து ஆளாக்கினார். பிறகு செம்பனைப் பழ லோரி ஓட்டி, இருவருக்கும் கல்யாணமும் செய்துவைத்தார். தனக்குச் செய்துகொள்ள மறந்துவிட்டார் என்று அப்பா சொல்வார். மறந்தாரோ, நேரம் கிடைக்கவில்லையோ, யாரும் கேட்டதில்லை. ஆண்களுக்கு வரும் ஒரு புற்றுநோய் அவருக்கு வந்து, தெரிந்தபோதே அது எலும்புக்குப் போய்விட்டிருந்தது. இனி வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புக்கிட் பெருவாங்கில் எங்களுடையது ஒரு சின்ன மாடி வீடு. பெரியப்பாவால் படி ஏற முடியாது. ஆகவே ஹாலே அவருடைய அறையானது.

இரவல் கட்டிலைப் போடுவதற்கே அரை நாள் ஆனது. தலை வடக்கே இருக்கக் கூடாது. கால் சாமியைப் பார்த்து நீளக் கூடாது. வாசலை மறிக்கக் கூடாது. இத்தனை கூடாதுகளும் போக மிஞ்சியது ஒரே இடம். அங்கே படுத்தால் அவருக்கு இடப்பக்கம் சாமிமேடை, வலப்பக்கம் தொலைக்காட்சிப் பெட்டி. மெத்தை காற்று மெத்தை. அதற்கு ஒரு சின்ன மோட்டார். அது ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும்.

"இஞ்சின் ஓடிக்கிட்டேதான் இருக்கு, வண்டிதான் நகர மாட்டேங்குது," என்றார் பெரியப்பா. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அன்றிலிருந்து அவர் தன் வேடிக்கைகளை என் பக்கம் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார்.

வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மலாய் மிஸ்ஸி வீட்டுக்கே வந்து அவரைப் பார்ப்பார். நர்ஸை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம். சின்ன வெள்ளைக் கார். பெரிய பை. மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தெரிந்தது சந்தையில் பேசும் பாசார் மலாய்தான். ஆனாலும் இரண்டு பேரும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அவர்கள் பேசியதை நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

மிஸ்ஸி முதலில் செய்த வேலை, கட்டங்கள் போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டியது. இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மூன்று வரிசை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெரியப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும்.

"ஒரே பக்கமா படுத்தா எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில தோல் மாட்டிக்கும் காக். ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத இடம் செத்துப்போகும்," என்றார். அம்மாவை அவர் 'காக்' என்றுதான் கூப்பிடுவார். மலாயில் அக்கா.

அம்மா தலையாட்டினார். அன்று மாலையே தகராறு வந்தது.

இடப்பக்கம் திருப்பினோம், படுத்தார். மல்லாக்கப் போட்டோம், படுத்தார். வலப்பக்கம் திருப்பப் போனபோது பெரியப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. சாமிக்கு முதுகக் காட்டிப் படுக்க மாட்டேன்."

அம்மா உடனே கையை எடுத்துவிட்டார். அம்மாவும் அப்படிப்பட்டவர்தான். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள்கூட நாற்காலியைக் கொஞ்சம் ஒருசாய்த்துப் போட்டுக்கொண்டு, சாமிக்குத் தோளைக் காட்டி உட்காருவோமே தவிர முதுகைக் காட்டமாட்டோம்.

"மிஸ்ஸி எழுதிக் குடுத்திருக்காங்களே," என்றார் அப்பா.

"மிஸ்ஸிக்கு நம்ம வீட்டு மொறை தெரியுமாங்க? மாமா சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல?"

நியாயம் இருந்ததால் வலப்பக்க வரிசை காலியாகவே கிடந்தது. மற்ற இரண்டு வரிசைகளையும் நான் ஒழுங்காக நிரப்பினேன். கோடு போடும் வேலை என்னுடையது. திருப்பும் வேலை அம்மாவும் அப்பாவும். பெரியப்பாவுக்கு அடியில் அம்மாவின் பழைய கைலி ஒன்று மடித்துப் போட்டிருக்கும். ஆளைத் தொட்டு இழுக்காமல் கைலியைப் பிடித்து நகர்த்துவார்கள். லோரியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் ஊரில் கோஸ்தான் என்போம். பெரியப்பா படுத்தபடியே உத்தரவு போடுவார்: "கோஸ்தான்... கோஸ்தான்... இன்னும் கொஞ்சம்... ஸ்டோப்!"

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் உடம்பு துடைக்கும்போது, அவருடைய இடது இடுப்பு எலும்புக்கு மேலே ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு நிறம் மாறியிருந்ததை அம்மா பார்த்தார். தோல் அங்கே கத்தரிக்காய் நிறமாக இருந்தது. ரத்தக்கட்டு என்று நினைத்துத் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி, மஞ்சள் போட்டு, இரண்டு நாள் அழுத்தித் தேய்த்தார். மூன்றாம் நாள் அந்த இடம் பிய்ந்து தண்ணீர் கசிந்தது.

மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை.

"தேய்க்கக் கூடாது காக். உள்ளே ஏற்கெனவே நொந்துபோயிருக்கு. சிவப்பு நிறத் தோலா இருந்தா சீக்கிரம் கண்ணில பட்டுடும். உங்க தோல்ல நிறம் லேசில தெரியாது. புறங்கையை வச்சுப் பாருங்க. சூடா இருக்கா, கெட்டியா இருக்கா, அதுதான் அடையாளம்."

அன்று மிஸ்ஸி என் புறங்கையையும் பிடித்து, பெரியப்பாவின் தோளில் ஓரிடம், இடுப்பருகே ஓரிடம் என்று வைத்துக் காட்டினார். தோளில் குளிர்ந்திருந்தது. இடுப்பருகே காய்ச்சல் அடித்தது. ஒரே மனிதருக்கு ஓரிடத்தில் மட்டும் காய்ச்சல் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு மிஸ்ஸி சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். வலப்பக்க வரிசையில் விரலை வைத்து, ஏன் என்பது போல் திரும்பினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். சிரிப்பாரோ என்று எனக்குப் பயம். மிஸ்ஸி சிரிக்கவில்லை. சாமிமேடையை ஒரு பார்வை பார்த்தார்.

"புரியுது காக். எங்களுக்கும் பார்த்துத் தொழ ஒரு திசை உண்டு. ஆனா இப்படியே விட்டா எலும்பு தெரியுற அளவுக்குப் போயிடும். சாமியை அந்தப் பக்கம் மாத்தி வைக்க முடியாதா?"

சாமிமேடையை நினைத்தபடி நகர்த்த முடியாது. நாள் பார்க்க வேண்டும், ஐயரைக் கூப்பிட வேண்டும். வீட்டில் ஒருவர் இப்படிக் கிடக்கும்போது அதைச் செய்வதும் இல்லை. அம்மா அதையெல்லாம் பாசார் மலாயில் சொல்ல முயன்று, பாதியில் விட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. கோலா சுங்கை பாருவில் இருந்து ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடும் ஒரு வாய் நிறைய பேச்சும் கொண்டுவருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தார்.

"என்னா வாடை லா இது?"

கருவாட்டு வாடை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

அத்தை போர்வையை விலக்கிப் புண்ணைப் பார்த்தார். "எங்கண்ணன் ரெண்டு குடும்பத்த நிமித்தி வச்ச மனுசன். அவர படுக்கப் போட்டு, உடம்பு அழுக விட்டுட்டீங்களே! ஏம்மா, பாத்துக்க முடியலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சும்மா இரு," என்றார் பெரியப்பா. "அந்தப் பொண்ணு கையால நான் மகாராசா மாதிரி இருக்கேன்."

"மகாராசாவுக்கு இடுப்புல ஓட்ட இருக்கே அண்ணே!"

அம்மா போர்வையை இழுத்து மூடினார். அத்தை போன பிறகு சமையலறையில் அப்பாவிடம் அழுதது எனக்குக் கேட்டது.

"நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா, குளிப்பாட்டுறப்ப நாலு பேரு பாப்பாங்கங்க. புண்ணப் பாத்துட்டு என்னா சொல்வாங்க? இவ சோறு போட்டாளே தவிர திரும்பிப் பாக்கலன்னுதானே? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

எங்களில் ஒருவர் காலமானால் வீட்டு முன்னாலேயே மறைப்புக் கட்டி, சொந்தக்காரர்கள் குளிப்பாட்டித்தான் பெட்டியில் வைப்பார்கள். நான் அதை ஒரு முறை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரியப்பா சாகப் போகிறார் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அம்மாவை நாலு பேர் பேசப் போகிறார்கள் என்பதுதான் உறைத்தது. புண் ஆறிவிட்டால் யாரும் பேசமாட்டார்கள். அவ்வளவுதானே?

நான் உடனே முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். கிளேபாங் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அப்பா எனக்குத் தேங்காய் ஷேக் வாங்கித் தருவார். அதைவிட ருசியான பொருள் உலகத்தில் இல்லை என்று நான் எண்ணியிருந்த காலம். பெரியப்பா புண் ஆறும்வரை தேங்காய் ஷேக் குடிக்கமாட்டேன் என்று கையை அடித்துச் சத்தியம் செய்தேன். வேண்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

பெரியப்பாவின் பொருட்கள் ஒரே ஒரு பையில் மாடிப்படிக்கு அடியில் இருந்தன. அதற்குள் அவருடைய லோரி முருகன் இருந்தார். உள்ளங்கை அளவுப் படம், பிளாஸ்டிக் சட்டம், அடியில் காந்தம். முப்பது வருடம் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருந்து, வெயிலில் மயிலின் நீலமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. லோரியை விட்டு இறங்கிய அன்று பெரியப்பா எடுத்துக்கொண்ட ஒரே பொருள் அதுதான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் அதைத் துடைத்து, குங்குமம் வைத்து, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், படுத்தால் அவர் கண்ணுக்கு நேராக வரும் இடத்தில் வைத்தேன். ஒரு செம்பருத்திப் பூவும் வைத்தேன். பிறகு கட்டிலருகே போய் நின்றேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"பெரியப்பா, சாமிக்கு முதுகு காட்டக் கூடாதுன்னுதானே அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்கிறீங்க?"

"ஆமா பாப்பா."

"இப்ப அந்தப் பக்கமும் சாமி இருக்கு. பாருங்க."

கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "அட, நம்ம லோரிக்காரன்!" என்றார். பிறகு, "இருந்தாலும் இந்தச் சாமிக்கு முதுகுதானே பாப்பா?"

"லோரி ஓட்டுறப்ப இந்த முருகனப் பாத்துக்கிட்டுத்தானே ஓட்டுனீங்க? அப்ப பின்னால இருந்த கோயிலுக்கெல்லாம் முதுகு காட்டுனீங்களா இல்லையா?"

அப்பா சிரித்துவிட்டார். பல வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். "நல்லா மாட்டிக்கிட்டீங்கண்ணே!"

பெரியப்பா முருகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா ஈரக் கையோடு, என்ன சொல்லப்போகிறாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவையும் பார்த்தார்.

"இது யாரு பெத்த வக்கீலு?" என்றார் கடைசியில். "சரி. கோஸ்தான் போடுங்க."

கைலியைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார்கள். முழுதும் திரும்பியதும் பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "முருகா... முருகா..." என்றார்.

அவ்வளவு பக்தியை நான் அதுவரை கோயிலில்கூடப் பார்த்ததில்லை. என் முருகன் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைகூப்பி, "அரோகரா!" என்றேன்.

பெரியப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சிரித்தார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வலப்பக்கம் திருப்பியதும் அவர் "முருகா" என்பார், நான் "அரோகரா" என்பேன். சில நாள் அம்மாவும் சமையலறையிலிருந்தே ஒரு அரோகரா போடுவார். நான் பள்ளிக் கூட்டுறவுக் கடையில் நட்சத்திர ஒட்டிகள் வாங்கிவந்தேன். இடப்பக்கத்துக்கும் மல்லாக்கவுக்கும் வெறும் கோடு. வலப்பக்கத்துக்கு மட்டும் நட்சத்திரம். அது என் சாமி இருக்கும் பக்கம் அல்லவா?

"வாத்தியாரம்மா, எனக்கு ஸ்டார் எங்க?" என்று அவரே கேட்பார். சில சமயம் நேரமாகும் முன்பே, "போதுமா? ஸ்டார் போட்டாச்சா? அப்ப திருப்பிருங்க," என்பார். "இன்னும் நேரம் ஆகல பெரியப்பா, சாமி கோவிச்சுக்கும்," என்பேன் நான். கடிகாரத்தைக் காட்டி, கண்டிப்பான வாத்தியாராக இருந்தேன். அவரும் அடங்கிக் கிடப்பார்.

ஒரு வாரத்தில் இடுப்புப் புண் ஓரம் காய ஆரம்பித்தது. மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு, தாளில் ஜொலித்த வரிசையைப் பார்த்து, என் கன்னத்தைத் தட்டினார். பிறகு பெரியப்பாவிடம், "சாகிட், அங்கிள்?" என்று கேட்டார். வலிக்கிறதா என்று அர்த்தம். பெரியப்பா பதில் சொல்லும் முன் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "தாக் லா. ஓக்கே," என்றார். இல்லை என்று.

அம்மா அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைத்தார். புண் ஆறப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு தைரியம். எனக்குத் தேங்காய் ஷேக் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை. அத்தை மறுபடியும் வந்திருந்தார். இந்த முறை புண் காய்ந்திருப்பதைக் காட்டிவிட வேண்டும் என்று அம்மா, அவர் எதிரிலேயே பெரியப்பாவுக்கு உடம்பு துடைக்க ஆரம்பித்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுத் துணியை விலக்கியதும் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

முதுகெலும்பு முடியும் இடத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி, கருநீலமாக ஒரு திட்டு. நான் எட்டிப் பார்த்தேன். பட்டாம்பூச்சி மாதிரியே இருந்தது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

"நேத்து சாயங்காலம் தொடச்சப்ப ஒண்ணுமே இல்லையே," என்றார் அம்மா. "சத்தியமா இல்ல அண்ணி. நேத்து சாயங்காலம் இல்ல."

அத்தை வாயைத் திறந்தார். அம்மா இருந்த கோலத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மிஸ்ஸிக்கு ஃபோன் போட்டார்.

சனிக்கிழமையானாலும் மிஸ்ஸி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். அந்த இடத்தைப் பார்த்தார். அழுத்திப் பார்க்கவில்லை, அளந்து பார்க்கவில்லை. துணியை மெதுவாக மூடினார். பிறகு பெரியப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். புண் முதுகில் இருக்க, இவர் ஏன் காலைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மிஸ்ஸி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அதுவரை அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை.

"காக், நல்லாக் கேட்டுக்குங்க. இது நீங்க பார்த்துக்காம வந்த புண் இல்ல. கடைசி நேரத்தில கிட்னி களைச்சுப்போகும், இருதயம் களைச்சுப்போகும். அது உள்ளே நடக்குது, நமக்குத் தெரியாது. தோலும் அந்த மாதிரிதான். அதுவும் களைச்சுப்போகும். வெளியே இருக்கிறதால நம்ம கண்ணுக்குத் தெரியுது. சில பேருக்கு ஒரே நாள்ல இப்படி வரும். நான் இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்திலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

மிஸ்ஸி நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டார்.

"எத்தனையோ வீட்டுக்குப் போறேன். இவ்வளவு சுத்தமா ஒரு விரிப்பு, இவ்வளவு சுத்தமா ஒரு உடம்பு, சில வீட்டிலதான் பார்க்கிறேன்," என்றவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அத்தைக்கும் கேட்கும்படி ஒரு வரி சொன்னார். அதை மலாயிலேயே எழுத வேண்டும். "புக்கான் சாலா காக்." உங்கள் தப்பு இல்லை அக்கா.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். இத்தனை நாளும் சமையலறையில் ஒளிந்து அழுதவர், அன்று ஹாலில், எல்லோர் முன்னாலும், சத்தமாக அழுதார்.

அத்தை குனிந்து, அழுக்குத் துணி இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"எந்திரிம்மா. போயி ஒரு வாய் காப்பி குடி. நான் அலசிப் போடுறேன்," என்று பின்பக்கம் போனார்.

மிஸ்ஸி பெரியப்பாவின் காதருகே குனிந்தார். என்னிடம் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். நான் வெந்நீரோடு திரும்பி வந்தபோது பெரியப்பா இடப்பக்கம், சாமிமேடையைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. முகம் சுருக்கமில்லாமல் இருந்தது. மிஸ்ஸி சுவரிலிருந்து அந்தத் தாளை எடுத்து மடித்து அம்மாவிடம் கொடுத்தார்.

"இனிமே இது வேணாம். மருந்தைக் கூட்டியிருக்கேன். அவருக்கு எப்படிப் படுத்தா சுகமோ அப்படியே விடுங்க. துணி மாத்துறதுக்கு மட்டும் லேசா அசைச்சாப் போதும்."

"புண்ணு ஆற வேணாமா?" என்று கேட்டேன். அம்மா தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாள் கண்டிப்பாக நடத்திக்கொண்டு வந்ததை ஒரே நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். பெரியப்பாவாவது எனக்காகப் பேசியிருக்கலாம். அவரோ என் முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறார்! நான் லோரி முருகனை எடுத்து என் பள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தபோதும் கட்டில் பக்கம் போகவில்லை. அவர் கண்ணால் தேடியது தெரிந்தது. தெரிந்தும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சாயங்காலம் அம்மா விளக்கேற்றியபோது அவர் மெல்லக் கூப்பிட்டார். குரல் காற்று மெத்தையின் மோட்டாரைவிடச் சின்னதாகிவிட்டிருந்தது.

"பாப்பா... லோரிக்காரன் எங்க?"

நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்தப் பக்கம் கொண்டாந்து பார்க் பண்ணு. இங்க எடம் இருக்கு."

தலையணைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம் இருந்தது. நான் பையிலிருந்து முருகனை எடுத்துவந்து அங்கே சாய்த்துவைத்தேன். பெரியப்பா ஒரு விரலை நகர்த்தி அந்தச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஸ்டார் இல்லையா?"

தாள்தான் இல்லையே. அவர் கையில் ஒட்டலாம் என்று போனேன். தோலில் எதையும் ஒட்டக் கூடாது, எடுக்கும்போது தோலும் கூட வந்துவிடும் என்று மிஸ்ஸி சொன்னது ஞாபகம் வந்தது. கைலி ஓரத்தில் ஒட்டினேன். அவர் தலையைத் தூக்க முடியாமல், "இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு பெரியப்பா," என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் பள்ளியில் இருந்தபோது அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் மறைப்புக் கட்டியிருந்தார்கள். ஆண்கள் குளிப்பாட்டத் தயாரானார்கள். அம்மா கதவருகே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் வந்தேவிட்டது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மறைப்பை மூடப் போனபோது அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணன் முதுகுல மிஸ்ஸி போட்ட கட்டு ஒண்ணு இருக்கு. யாரும் பிரிக்க வேணாம். அது வியாதி. பாத்துக்கிட்டவ மேல ஒரு சொல்லு வரக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்!"

ஒரு சொல்லும் வரவில்லை.

எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். கல்யாணம், வீடு, விளக்கு, கோயில் என்று முருகன் அருளால் ஓடுகிறது. போன வருடப் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளேபாங் போனோம். பிள்ளைகள் தேங்காய் ஷேக் குடித்தார்கள். அம்மா எனக்கும் ஒன்று வாங்கி நீட்டினார். புண் ஆறும்வரை குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவள், புண் ஆறாமலே போய்விட்டதால் இன்றுவரை குடித்ததில்லை என்று சொன்னேன்.

அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அதயா இன்னும் சொமந்துக்கிட்டு இருக்கே? ஒண்ணு சொல்றேன் கேளு. அவருக்கு வலது இடுப்பெலும்புலதான் அந்த நோவு மொதல்ல எறங்கியிருந்துச்சு. அந்தப் பக்கம் படுத்தா உசிரு போற வலி. கடைசில மிஸ்ஸி உன்னத் தண்ணிக்கு அனுப்பிட்டுக் காதுல கேட்டாங்க பாரு, அப்பதான் வாயத் தொறந்தாரு. வலிக்குதுன்னு சொன்னா தம்பி ஒடைஞ்சு போயிருவான்னுட்டு, சாமிய சாக்குச் சொல்லியிருக்காரு."

கடல் காற்று பலமாக இருந்தது. என் சின்னவன் என் மடியில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அப்புறம் ஏம்மா நான் சொன்னதும் திரும்பிப் படுத்தாரு?"

"அதத்தான் மிஸ்ஸியும் கேட்டாங்க. 'புள்ள எனக்காகச் சாமியையே தூக்கிக்கிட்டு வந்து நிக்குது, அதுகிட்ட என்னான்னு சொல்றது'ன்னாரு."

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சாமிமேடை இழுப்பறையில், லோரி முருகனுக்கு அடியில். கோடுகள் மங்கிவிட்டன. நட்சத்திரங்கள் அப்படியே இருக்கின்றன, வலப்பக்கம் மட்டும், ஒன்றுகூட உதிராமல். ஒவ்வொன்றுக்கும் அவர் கம்பியைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா" என்றார். நான் பக்கத்திலேயே நின்று, அவருக்கும் கேட்க வேண்டும், சாமிக்கும் கேட்க வேண்டும் என்று, குரல் உள்ள மட்டும் "அரோகரா" சொன்னேன்.